பதிப்பகக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை

வாப்பா, அதாவது என் அப்பா, வஃபாத்தாகி (காலமாகி) ஓராண்டு கழித்து, சென்னையில் உள்ள ஒரு பெரிய பதிப்பகத்திலிருந்து பேசினார்கள். எங்கள் பழைய வெளியீடுகளில் நாற்பது சொச்சம் நூல்களின் உரிமையை மொத்தமாக ஆறு லட்சம் ரூபாய்க்கு வாங்கிக்கொள்கிறோம், வரிசையாக மறுபதிப்புப் போடுகிறோம், உங்கள் பதிப்பகத்தின் வரலாற்றை முன்னுரைக்காக நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்றார்கள். கீழக்கரையில் ஒரே ஒரு ட்ரெடில் அச்சு மெஷினோடு தொடங்கி, பிறகு இராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் கடை போட்டு, தமிழ்ப் புலமைக்கான வித்துவான் தேர்வு எழுதியவர்களுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் தலைமுறை தலைமுறையாகப் புத்தகம் போட்ட குடும்பம் எங்களுடையது. நான் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள் வேறு. நாலு பக்கம் என்ன, நாற்பது பக்கமே எழுதலாம் என்று சந்தோஷமாக உட்கார்ந்தேன். மறுநாள் இன்னொரு மின்னஞ்சல் வந்தது. ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியரோடு போட்ட ஒப்பந்தத்தின் நகலை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒன்றுகூட இல்லை.

அந்த ஆறு லட்சம் கடைசிவரை வரவில்லை. தேடி அலைந்ததில் என் கையிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேல் போனது. இரண்டு வருடத்துக்கும் மேலாக விடுமுறை என்று எதுவும் இல்லாமல் போனது. உறவில் ஒரு வீட்டோடு பேச்சுவார்த்தையும் நின்றது. சின்ன ஊர்களில் அப்பாவோ தாத்தாவோ தொடங்கிய பதிப்பகத்தை வைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று நான் பட்டவற்றை அவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

முதல் அடி வங்கியில் விழுந்தது. பெயர்ப்பலகை, முத்திரை, விலைப்பட்டியல், பில் புத்தகம் எல்லாவற்றிலும் பதிப்பகத்தின் பெயர்தான் இருக்கும். ஆனால் பாட்டனாருக்குப் பிறகு வாப்பா அதைத் தனிநபர் உரிமையாகத்தான் நடத்தினார். தனிநபர் உரிமையில் ஆளும் நிறுவனமும் ஒன்றுதான். ஆள் போனால் நடப்புக் கணக்கு அப்படியே நின்றுவிடும். கல்லூரிக் கடைகளிலிருந்து வந்த காசோலைகளை மாற்ற முடியவில்லை. தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, துபாயில் இருக்கும் காக்காவிடமிருந்து (அண்ணனிடமிருந்து) தூதரகத்தில் அத்தாட்சி செய்த பவர் பத்திரம் வரவழைத்து, அப்புறம்தான் கணக்கைத் தொட முடிந்தது. அதற்குள் சில காசோலைகள் காலாவதியாகி, திரும்பக் கேட்டால் கடைக்காரர்கள் போனை எடுக்கவில்லை. பெரியவர் நல்லபடியாக இருக்கும்போதே வீட்டில் இரண்டு பேரையாவது சேர்த்துக் கூட்டாண்மையாக மாற்றிவிடுங்கள். மாற்றும்போது, ஒரு பங்குதாரர் இறந்தாலும் நிறுவனம் தொடரும் என்று பத்திரத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். அந்த வரி இல்லையென்றால் 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி ஒருவர் இறந்ததுமே நிறுவனம் கலைந்ததாகிவிடும்.

அடுத்து குடோன். எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் வீடு கொடுப்பார்கள். பாட்டனார் தன் மகளுக்கு, அதாவது என் மாமிக்கு, கொடுத்த வீட்டின் பின்கட்டில்தான் ஆதிகாலத்திலிருந்தே புத்தகக் கட்டுகள் இருந்தன. வீடு மாமியுடையது, சரக்கு பதிப்பகத்துடையது. எழுத்தில் ஏதும் கிடையாது. யாருக்கும் அது ஒரு பிரச்சினையாகத் தெரிந்ததும் இல்லை. போய்ப் பார்த்தால் கட்டுகள் கூரை வரை அடுக்கியபடியே இருந்தன. அடியில் இருந்த இரண்டு வரிசையில் கரையான் ஏறியிருந்தது. கடல் காற்றில் தைத்த பின்கள் எல்லாம் துருப்பிடித்து, நடுப்பக்கங்களில் பழுப்பாகக் கசிந்திருந்தன. சரி, புத்தகமாவது இருக்கிறதே என்று கணக்குப் புத்தகங்களைக் கேட்டேன். மாமி பெருமையாகச் சொன்னார்: “புத்தகத்துல ஒண்ணத் தொடலமா நான். கணக்கு நோட்டும் பழைய கடுதாசியும்தான் இடத்த அடைச்சிட்டுக் கிடந்துச்சு. பேப்பர்காரன்ட்ட எடைக்குப் போட்டாச்சு.” பேரேடு, ராயல்டி நோட்டு, ஆசிரியர்கள் எழுதிய கடிதங்கள், எல்லாம் கிலோ கணக்கில் போய்விட்டன. ஒரே இலக்கணக் கையேடு முந்நூறு பிரதி பத்திரமாக இருந்தது. மாமி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பதிப்பகத்தில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்கு யாரும் சொன்னதே இல்லை. புத்தகம் எப்படியும் எங்கேயாவது ஒரு நூலகத்தில் இருக்கும், பேரேடு உலகத்திலேயே ஒன்றுதான்.

அந்தச் சரக்கால் வந்த சண்டை தனிக்கதை. பாகம் பிரிக்கும்போது சாச்சா, அதாவது வாப்பாவின் தம்பி, விலைப்பட்டியலை எடுத்துவைத்துப் பெருக்கி, குடோனில் இருபத்திரண்டு லட்சத்துக்குச் சரக்கு இருக்கிறது என்றார். பெருக்கல் சரிதான். ஆனால் அதில் பாதி, பாடத்திட்டம் மாறிப்போன புத்தகங்கள். கல்லூரிப் புத்தக வியாபாரத்தில் இதை வெளியாட்கள் புரிந்துகொள்வதில்லை. எங்கள் பகுதிக் கல்லூரிகள் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன, 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்ததும் அங்கே போயின, பின்னாளில் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு வந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும், இடையில் ஒவ்வொரு பாடத்திட்டக் குழு கூடும்போதும், அச்சடித்து வைத்த செய்யுள் திரட்டும் உரைநூலும் ஒரே இரவில் பழைய காகிதமாகும். கடைசியில் நாற்பதாயிரம் சொச்சத்துக்குத்தான் மொத்தச் சரக்கும் போனது, அதிலும் பெரும்பகுதி எடைக்கு. மதிப்புப் போட வேண்டி வந்தால் விலைப்பட்டியலைத் தொடாதீர்கள். ஒவ்வொரு தலைப்பும் கடந்த மூன்று வருடத்தில் எத்தனை போனது என்று பாருங்கள், அதைக் கடைக்காரருக்குக் கொடுக்கும் கழிவு போக வரும் விலையால் பெருக்குங்கள். அதற்கு மேல் நிற்பது காகிதம்தான். ஆடிட்டரிடம் இதை எழுதி வாங்கிக்கொண்டு பிறகு உறவுக்காரர்களோடு உட்காருங்கள்.

சரி, ஒப்பந்தம் இல்லை, பேரேடு இல்லை. எந்தப் புத்தகம் எந்த வருடம் வந்தது என்றாவது பட்டியல் போடலாம் என்று தொடங்கினேன். பாதிப் புத்தகங்களில் வருடமே இல்லை. பாடநூல் போடுகிறவர்கள் வேண்டுமென்றே வருடத்தைப் போடாமல் விடுவார்கள். பழைய பதிப்பு என்று தெரிந்தால் மாணவன் வாங்க மாட்டான். அதனால் புத்தகத்தையே சாட்சிக்கூண்டில் ஏற்ற வேண்டியிருந்தது. விலை ரூபாய், அணா என்று இருந்தால் அநேகமாக 1957 ஏப்ரலுக்கு முன்னால் அச்சானது, ஏனென்றால் அந்த மாதம்தான் தசம நாணயம் வந்தது. விலையில் ந.பை. என்று இருந்தால் அது நயா பைசா. அந்தப் பெயர் 1964 வரைதான். முகவரியில் சென்னை ராஜ்யம் என்றிருந்தால் 1969க்கு முன், பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். பி.யு.சி. (புகுமுக வகுப்பு) மாணவர்களுக்கு என்று அட்டையில் போட்டிருந்தால், 1978இல் மேல்நிலைப் பள்ளிப் படிப்பு வருவதற்கு முந்தைய சரக்கு. சிவகாசியில் அச்சிட்ட அட்டையில் இராமநாதபுரம் மாவட்டம் என்றிருந்தால் 1985க்கு முன்னால். அதுவரை சிவகாசியும் எங்கள் மாவட்டம்தான். புத்தகங்களுக்குக் கொடுக்கும் சர்வதேச எண்ணான ஐஎஸ்பிஎன் பத்து இலக்கமா பதின்மூன்றா என்பது 2007க்கு முன்னா பின்னா என்று சொல்லிவிடும். இப்படி உட்கார்ந்து வரிசைப்படுத்தியபோதுதான், சொல்லப்போனால், இந்த வேலையில் எனக்கு முதல் முறையாக ருசி தட்டியது.

ஆனால் ஒரு தடயத்தை மட்டும் நம்பி வருடம் போட்டுவிடாதீர்கள். எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு 1978இல் ஏற்றது. அதனால் லை, னை எல்லாம் மேலே துதிக்கை வைத்த பழைய வடிவில் இருந்தால் அதற்கு முந்தியது என்று எழுதிக்கொண்டே வந்தேன். ஈய எழுத்துகளை அச்சுக்குக் கோத்துத் தந்த எங்கள் பழைய கம்பாசிடரிடம் அந்தப் பட்டியலைக் காட்டினேன். எண்பதைத் தாண்டியவர், பார்வை மங்கிவிட்டது. புத்தகத்தை வாங்கிப் பக்கத்தின் மேல் விரலை வைத்துத் தடவினார். லெட்டர்பிரஸ்ஸில் எழுத்துக் கட்டை தாளை லேசாக அழுத்தியிருக்கும், பின்பக்கத்தில் அந்தப் புடைப்பு விரலுக்குத் தட்டும். “இது எம்பத்திரண்டு, எம்பத்திமூணு பாப்பா,” என்றார். “சர்க்கார் எழுத்த மாத்துனா நாங்க கேஸ்ல இருந்த ஈயத்தையெல்லாம் கடல்லயா போடுறது? புது எழுத்து வாங்கக் காசு வர்ற வரைக்கும் பழச வச்சேதான் ஓட்டுனோம்.” பென்சிலால் எழுதிய வருடங்களை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அவரிடம் பேசியதையெல்லாம் போனில் பதிவு செய்தேன். உங்கள் அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால், முதலாளி வீட்டு ஆட்களிடம் கேட்பதற்கு முன்னால் அவர்களிடம் போங்கள். அச்சானது எது, அச்சாகாமல் கிடந்தது எது, கூலி பாக்கி எந்த வருடத்தில் இருந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

வீட்டில் இல்லாதது அரசாங்கத்திடம் இருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பதிப்பாளரும் புத்தகம் வெளிவந்த முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் ஐம்பது ரூபாய் வரை அபராதமும் புத்தகத்தின் விலையும். இன்றைக்கும் அந்த ஐம்பது அப்படியேதான் இருக்கிறது, அதனால் பல பேர் சட்டை செய்வதில்லை. பாட்டனார் ஒழுங்காக அனுப்பியிருந்தார். எங்களிடம் ஒரு பிரதிகூட இல்லாத புத்தகங்கள் கன்னிமாராவில் இருந்தன. இன்னும் பெரிய புதையல், 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி அரசிதழில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளிவந்த புத்தகப் பட்டியல். அதில் தலைப்பு, ஆசிரியர், அச்சகம், வெளிவந்த தேதி, பக்கம், எத்தனை பிரதி, என்ன விலை, அதற்கும் மேலே பதிப்புரிமை யாருடையது என்பதும் அவருடைய முகவரியும் பதிய வேண்டியிருந்தது. எங்கள் பேரேடு சொல்லியிருக்க வேண்டியதில் முக்கால்வாசியை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து எடுத்தேன். போகிறவர்கள் தலைப்பை மட்டும் குறித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். உரிமையாளர் பெயர் இருக்கும் கட்டத்தைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கட்டம்தான் எனக்கு ஒரு அதிர்ச்சியைக் கொடுத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இதற்கு நடுவே பணத்தைத் தொலைத்த கதை ஒன்று. வீட்டில் மிஞ்சிய முதல் பதிப்புகளை ஸ்கேன் செய்து வைக்கலாம் என்று வெளியூர்க் கடை ஒன்றில் கொடுத்தேன். பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய், முன்பணமாக முப்பத்தெட்டாயிரம். திரும்பி வந்தபோது புத்தகங்கள் புத்தகங்களாக இல்லை. கட்டிங் மெஷினில் முதுகை வெட்டி, தாள்களை உதிரியாக்கி, உருளை வைத்த ஸ்கேனரில் இழுத்திருந்தார்கள். மக்கிய தாள் பாதி நொறுங்கிவிட்டது. கோப்புகளோ கறுப்பு வெள்ளையில், கண்ணைக் குத்தும் தரத்தில். கேட்டதற்கு, “வேகமாக முடிக்கணும்னா இப்படித்தான் மேடம்” என்றார்கள். அன்று இரவு அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. ஒரே பிரதியாக இருக்கும் புத்தகத்தை வெளியே கொடுக்கவே கொடுக்காதீர்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், தேவையில்லாத ஒரு புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள். முதுகை வெட்டக் கூடாது, வண்ணத்தில் குறைந்தது 300 டிபிஐ வேண்டும், மூலக் கோப்பு கைக்கு வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். சும்மா பதிவுக்காக என்றால் நல்ல வெளிச்சத்தில், மேலிருந்து நேராகப் பிடிக்கும் ஸ்டாண்டில் போனை வைத்து நீங்களே எடுத்துவிடலாம். நான் மீதியை அப்படித்தான் எடுத்தேன். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற இடங்களில் பழைய தாளைக் கையாளத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். முதலில் அங்கே கேட்டுப் பாருங்கள். துருப்பிடித்த பின்னைப் பிடித்து இழுக்காதீர்கள், அதனடியில் மெல்லிய அட்டையைச் செருகிக் காலை நிமிர்த்தி எடுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டுவதும் லேமினேஷன் போடுவதும் கரையானைவிட மோசம். நனைந்த தாளை வெயிலில் போடாமல் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். 2024 நவம்பரில் இராமேஸ்வரம், பாம்பன் பக்கம் பேய்மழை கொட்டியபோது எங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறியது. தரையிலிருந்து முழம் உயரத்தில் இரும்பு ரேக் போட்டிருந்ததால்தான் மிச்சம் தப்பியது.

இனி அந்த அதிர்ச்சி. எங்கள் வீட்டுக் கதை இப்படி: 1956இல் பாட்டனார் தன்னந்தனியாகப் பதிப்பகத்தைத் தொடங்கினார். தனுஷ்கோடி வழியாகக் கப்பலில் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் புத்தகம் போகும். 1964 டிசம்பர் புயலில் பெரிய பார்சல் ஒன்று கடலில் போய், அதிலிருந்துதான் கடன் ஏறியது. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு, தனுஷ்கோடி இடிபாடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் புத்தகமும் இந்த மணலுக்குள் எங்கேயோ கிடக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அரசிதழ்ப் பட்டியலிலோ, முதல் பதினோரு நூல்களுக்கு உரிமையாளர் என்று பாட்டனார் பெயர் இல்லை. தேவிபட்டினம் முகவரியோடு ஒரு தமிழாசிரியரின் பெயர் இருந்தது. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கூட்டாண்மைப் பதிவேட்டின் நகலுக்கு மனுப் போட்டேன். அதில் இரண்டு பங்குதாரர்கள்: பாட்டனார், அந்தத் தமிழாசிரியர். சாச்சாவிடம் கேட்டதற்கு, “அவர் சம்பளத்துக்கு புரூஃப் பாத்தவரு. அதெல்லாம் கிளறாத மா” என்றார். கம்பாசிடரோ சிரித்தார். “உங்க பாட்டனார் காசு போட்டாரு, ஐயா தலையப் போட்டாரு. இத யாரும் உங்ககிட்ட சொல்லலயா?”

தேவிபட்டினத்தில் அந்த ஆசிரியரின் மகள் இருந்தார். எழுபதைத் தாண்டிய அம்மா. உரிமை கேட்டு வழக்குப் போடுவாரோ என்று பயந்துகொண்டே கீழக்கரைத் தொதல் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனேன். “வாம்மா, அத்தா வீட்டுப் பிள்ளையா நீ?” என்று பாட்டனாரைச் சொல்லி உள்ளே கூப்பிட்டார். பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார். பதிப்பகத்தின் கடிதப் போக்குவரத்து முழுவதையும் பார்த்தவர் அவருடைய தகப்பனார்தான். எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் கார்பன் வைத்து நகல் எடுத்து, வருடவாரியாகக் கட்டி வைத்திருந்தார். ஊதா நிறக் கார்பன் எழுத்து மங்காமல் இருந்தது. பின்னுக்குப் பதில் சணல் கயிறு கோத்திருந்ததால் துருவும் இல்லை. எங்கள் வீட்டில் எடைக்குப் போனது அந்த வீட்டுப் பரணில் உட்கார்ந்திருந்தது. பெட்டியின் அடியில் முத்திரைத்தாளில் எழுதிய கூட்டாண்மைப் பத்திரம் இருந்தது. ஆளுக்கு எட்டணாப் பங்கு, அதாவது சரிபாதி.

கடிதங்களைப் படிக்கப் படிக்க எங்கள் வீட்டு வரலாறு ஒவ்வொன்றாக மாறியது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பாலபண்டிதம், பண்டிதம் தேர்வுகளுக்கான உரைக் கையேடுகள்தான் முதலில் போட்ட புத்தகங்கள், அவற்றை எழுதியவரே அவர்தான். பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய சங்கம் அது. இராமநாதபுரத்துக்காரர்கள் அந்தத் தேர்வுகளை ஒரு கௌரவமாக எழுதுவார்கள், ஆகவே நிச்சயமான விற்பனை. புயல் கதையும் போனது. கொழும்புக் கடைக்காரர் பார்சல் வந்து சேர்ந்தது என்று 1964 டிசம்பர் முதல் வாரத்திலேயே எழுதியிருக்கிறார். கடன் ஏறியதற்குக் காரணம் வேறு. மதுரையிலும் காரைக்குடியிலும் கடைகளுக்குக் கணக்கில் கொடுத்த புத்தகங்களுக்குப் பணம் வரவில்லை. வருடக்கணக்காக நினைவூட்டல் கடிதங்கள், மரியாதையாக ஆரம்பித்து, போகப்போக மரியாதை குறைந்து. புயலைச் சொன்னால் கேட்பவர் உச்சுக்கொட்டுவார். கடைக்காரன் காசு தரவில்லை என்று சொன்னால், ஏன் அவ்வளவு கொடுத்தாய் என்று கேட்பார். பாட்டனார் எந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தார் என்பது எனக்குப் புரிகிறது. 1971இல் அந்த ஆசிரியர் விலகியிருக்கிறார். பணம் ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. தன் பதினோரு நூல்களின் உரிமை மட்டும் தன்னோடு வரும் என்று விலகல் பத்திரத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார். நாங்கள் அவற்றைத் தொண்ணூறுகள் வரை அச்சடித்து விற்றிருக்கிறோம், ஒரு ரூபாய் ராயல்டி கொடுக்காமல். அந்த அம்மா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்குத்தான் காபி இறங்கவில்லை.

உரிமை விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று அப்புறம்தான் முழுசாகப் படித்தேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் வாழ்நாளும் அதற்குப் பிறகு அறுபது ஆண்டும் உரிமை உண்டு. அதைப் பதிப்பகத்துக்கு மாற்றிக்கொடுக்க வேண்டுமென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. எழுதியிருந்தாலும், 1995 மே மாதத்துக்குப் பிறகு போட்ட பத்திரமென்றால், எத்தனை வருடம் என்று சொல்லாவிட்டால் ஐந்து வருடம்தான். அப்படிப்பட்ட பத்திரத்தில் எந்த நிலப்பரப்பு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அதில் கிடைத்த உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அதுவும் காலாவதி. கையெழுத்துப் பிரதிக்கு ஒரே தொகையாகக் கொடுத்தாயிற்று, இனி புத்தகம் நமக்குத்தான் என்று வாப்பா காலம் வரை எல்லாரும் நம்பியது வெறும் நம்பிக்கை. ஆசிரியர்களின் வாரிசுகளைத் தேடிப் போனேன். ஒரு பேராசிரியரின் மகன் வாசலிலேயே நிற்க வைத்து, இத்தனை வருடம் எங்கே போனீர்கள் என்று கத்தினார். நியாயமான கேள்வி. இன்னொரு வீட்டில், புத்தகம் மறுபடி வந்தால் போதும் என்று அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். வாரிசுகளிடம் வாங்கும் கடிதத்தில் நூலின் பெயர், அச்சுப் புத்தகமா மின்னூலா என்பது தனித்தனியாக, எத்தனை வருடம், எந்தெந்த நாடு, ராயல்டி எத்தனை சதவீதம், எப்போது கணக்குக் கொடுப்பது, எல்லாம் வேண்டும். எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும். மூத்தவர் மட்டும் போட்டது போதும் என்று விட்டால் இளையவர் பிறகு வருவார்.

எழுதவே கூச்சமாக இருக்கும் பகுதி ஒன்றும் உண்டு. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு மதிப்பெண் முறை கொண்டுவந்தது. ஐஎஸ்பிஎன் உள்ள புத்தகம் எழுதினால் மதிப்பெண். உடனே ஊர் ஊராக ஆசிரியரிடம் பணம் வாங்கிப் புத்தகம் போடும் தொழில் முளைத்தது. வாப்பாவும் போட்டார். ஆளுக்குப் பதினைந்தாயிரம், ஐம்பது பிரதி, படித்துப் பார்க்காமலேயே. கடைசி பத்து வருடத்தில் கடை வாடகையைக் கட்டியது அந்தப் பணம்தான் என்று வங்கிக் கணக்கு சொல்கிறது. நான் எழுதிக்கொண்டிருந்த பதிப்பக வரலாற்றில் அதையும் எழுதினேன். இதில் ஆசிரியர்களுக்கு ஒரு தகவல்: ஐஎஸ்பிஎன் இலவசம். தில்லியில் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் தளத்தில் பதிப்பாளரோ, தானே புத்தகம் போடும் ஆசிரியரோ நேரடியாக விண்ணப்பிக்கலாம். எண் வாங்கித் தருகிறேன் என்று என்னிடமே ஒருவர் தலைப்புக்கு நாலாயிரம் கேட்டார். மாற்றமில்லாத மறு அச்சுக்குப் பழைய எண்ணே போதும். திருத்திய பதிப்புக்கும் மின்னூலுக்கும்தான் புது எண்.

சென்னைக்காரர்கள் ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. காகிதம் இல்லாத உரிமையை யார் வாங்குவார்கள்? சாச்சா, அந்த வரலாற்றிலிருந்து எட்டணாப் பங்கு விஷயத்தை எடுத்துவிட்டால் அச்சுக்கூலியைத் தானே தருவதாகச் சொன்னார். எடுக்க முடியாது என்றேன், பேச்சு நின்றது. வரலாற்றை 120 பக்கத்தில், முந்நூறு பிரதி, என் காசில் போட்டேன். முதல் அத்தியாயமே தேவிபட்டினத்து ஆசிரியரைப் பற்றியது. அவருடைய பதினோரு நூல்களுக்கும் இனி எங்களுக்கு உரிமை இல்லை என்று அந்த அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தேன். அதில் மூன்றை மட்டும் முறையான ஒப்பந்தம் போட்டு, பத்து சதவீத ராயல்டியில் மறுபடி கொண்டுவருகிறோம். வாரிசுகள் கையெழுத்திட்ட இன்னும் சில நூல்கள் வரிசையில் இருக்கின்றன. 2024 டிசம்பரில் அஞ்சல் துறை பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்திவிட்டதால் வெளியூருக்கு அனுப்பும் செலவு கூடிவிட்டது. விலை வைக்கும்போது அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இரண்டு நூல்களுக்கு மட்டும் யாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒன்று கடற்கரை ஊர்களின் பேச்சு வழக்கைப் பற்றியது, அருமையான வேலை. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத நூல்களுக்கு அனுமதி பெறப் பதிப்புரிமைச் சட்டத்தில் 31ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. நாளிதழில் விளம்பரம் கொடுத்து, மனுப் போட்டு, நிர்ணயிக்கும் ராயல்டியைக் கட்டி வாங்க வேண்டும். எண்பது பக்கப் புத்தகத்துக்கு அந்தச் செலவு கட்டாது என்கிறார் வக்கீல். எனக்கும் தெரிகிறது, ஆனாலும் விளம்பரத்துக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.